நரியா, நாயா? தடம் பார்த்து அறிவோம்

தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் தொடர்மாடிகளில் வளர்ந்த எம் பிள்ளைகளுக்கு நரி என்றால் காகத்திடம் வடையைப் பறித்த நரிதான். படக்கதைப் புத்தகங்களில் அது பெரும்பாலும் செந்நிற உடலும் வெள்ளை வால்நுனியுமாக இருக்கும். அது ஐரோப்பாவின் செந்நரி. இலங்கைக் காடுகளில் இல்லை. தமிழ்நாட்டு வெளிகளில் வளை தோண்டி வாழும் சிறிய குள்ளநரியும் இங்கு கிடையாது. ஓநாயும் இல்லை. நாய்க் குடும்பத்தில் எமது நாட்டிலுள்ள ஒரே காட்டு விலங்கு, வன்னியில் மாலைக் கருக்கலில் ஊளையிடும் நரிதான். விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் 'கானிஸ் ஓரியஸ் நரியா'. கடைசிச் சொல் எமக்குப் புதிதல்லவே!

பல ஆண்டுகள் பற்றை மூடிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கப் போகும் குடும்பங்கள் முதலில் சந்திக்கும் அயலவர்களில் இதுவும் ஒன்று. ஆகவே அடையாளம் தெரிந்திருப்பது நல்லது.

நரியின் நிறை ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ, ஊர்நாயிலும் மெலிந்தது. காது நிமிர்ந்திருக்கும், முகம் கூர்மையானது. முதுகில் கறுப்பும் நரையும் கலந்த மயிர், கால்களில் மண்ணிறம். வால் அடர்த்தியாகவும் நுனி கறுத்தும் இருக்கும். நாய் வாலைச் சுருட்டித் தூக்கும். நரி அதைத் தொங்கவிட்டபடியே ஓடும். தூரத்தில் ஐயம் வந்தால் வாலைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் நரியைக் காண்பதிலும் தடத்தைக் காண்பதே எளிது. மழை விட்ட காலையில் குளக்கட்டிலும் வாய்க்கால் சேற்றிலும் தேடுங்கள். நாயின் அடி அகன்றது. நரியின் அடி ஒடுங்கிய முட்டை வடிவம், 5 சென்ரிமீற்றர் அளவு. நடுவிரல் இரண்டின் அடிச்சதை பின்புறம் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் சேற்றிலும் அவ்வாறே பதியும். நாய் அங்குமிங்கும் மோப்பம் பிடித்து அலையும். நரியின் தடம் நூல் பிடித்தாற்போல் போகும். எச்சத்தில் எலி மயிரும் பழவிதையும் கலந்திருக்கும்.

இதற்குப் பயிற்சி தெஹிவளையிலிருந்தே தொடங்கலாம். 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில அத்திடிய சதுப்புநிலம் அருகில்தான் உள்ளது. அதன் ஓரப் பாதைகளில் நாயடிக்குக் குறைவில்லை. நாயடியை நன்றாகப் பழகிய கண்ணுக்கு நரியடி உடனே வேறாகத் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத பற்றைக்குள் எந்தத் தடத்தையும் பின்தொடர வேண்டாம். நரி போன வழியென்பதால் அது மனிதருக்குப் பாதுகாப்பான வழியாகாது. பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நரி வயலுக்கு எதிரியா? வத்தகப்பழத்தைக் கடிக்கும், அடைக்காத கோழியைத் தூக்கும், உண்மைதான். ஆனால் அது ஓயாமல் பிடிப்பது எலியையும் வயல் நண்டையும். நெல்லைத் தின்னும் எலியோடு ஒப்பிட்டால் ஒரு கோழி பெரிய கூலியல்ல என்பது எம் கணக்கு. கோழி பறிகொடுத்த அம்மா ஒப்புக்கொள்ளமாட்டார்! கூட்டை இரவில் இறுக அடைப்பதே வழி. நஞ்சு வைத்தால் வீட்டு நாயும் மயிலும் பருந்தும் சேர்ந்தே சாகும். நரிக்கொம்பு விற்பவரையும் நம்ப வேண்டாம். தலையோட்டில் வளருவதாகச் சொல்லப்படும் அந்தச் சிறு கொம்பு வழக்கை வெல்லவைக்கும் என்ற நம்பிக்கையை எமர்சன் டெனன்ட் 1861இலேயே எழுதியுள்ளார். காணி வழக்குக்கு உதவுவது உறுதிப்பத்திரம்தான்.

அஞ்சவேண்டியது விசர்நோய். நலமான நரி மனிதரைக் கண்டதும் விலகி ஓடும். பட்டப்பகலில் அச்சமின்றி நெருங்கினால், தள்ளாடினால், நாயோடு வலிந்து சண்டையிட்டால் ஐயப்படுங்கள். கம்பெடுத்து விரட்டப் போகாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ பூசாமல் அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காயம் சிறிதென்று பொறுத்திருக்க வேண்டாம். நோய்க்குறி தோன்றிய பின் மருந்து பயன்தராது. காணிக்குத் திரும்புமுன் வீட்டு நாய்க்கும் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.