கான்கிரீட் உத்திரத்திற்கு வலுவூட்டும் இழைப்பட்டை

சுண்ணக்கட்டி ஒன்றின் இரு முனைகளையும் தாங்கி வைத்து, நடுவே விரலால் அழுத்தினால், அஃது அடிப்புறத்தில் பிளந்து ஒடியும். கான்கிரீட்டின் இயல்பும் இத்தகையதே. அமுக்கு விசையை அது நன்கு தாங்கும். இழுவிசையைத் தாங்கும் ஆற்றலோ அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான். இக்குறையைப் போக்கவே உத்திரத்தின் அடிப்பகுதியில் எஃகுக் கம்பிகள் பதிக்கப்பெறுகின்றன.

பாரம் மிகுந்தாலோ, கம்பி பழுதுற்றாலோ உத்திரத்தை மீண்டும் வலுப்படுத்த வேண்டும். 1960-களில் எஃகுத் தகடுகளை எபாக்சிப் பசையால் அடிப்புறத்தில் ஒட்டும் முறை கையாளப்பட்டது. ஆயின் தகடு கனமுடையது, துருவும் ஏறும். கார்பன் இழைகளைப் பாலிமரில் தோய்த்து உருவாக்கிய பட்டைக்கு இவ்விரு குறைகளும் இல்லை. அதன் எடை, அதே கனஅளவுள்ள எஃகின் எடையில் ஐந்திலொரு பங்கேயாகும்.

சுவிட்சர்லாந்தில் லூசர்ன் நகருக்கு அருகிலுள்ள இபாக் பாலத்தில், போக்குவரத்து விளக்கு பொருத்துவதற்காகத் துளையிட்டபோது, முன்தகைவுக் கம்பிவடம் ஒன்று சேதமுற்றது. 1991-இல் இப்பாலம் கார்பன் இழைப்பட்டைகளால் சீர்செய்யப்பட்டது. 175 கிலோகிராம் எஃகு செய்ய வேண்டிய பணியை 6.2 கிலோகிராம் பட்டை நிறைவேற்றியது. சாரம் கட்டாமல், நகரும் மேடையில் நின்றே பணி முடிக்கப்பட்டது.

எனினும், பட்டையின் பயன் ஒட்டுதலையே பொறுத்தது. பட்டை அறுபடுமுன் கான்கிரீட்டைவிட்டுத் திடீரென உரிந்துவிடக்கூடும். ஆதலின் களப்பணியாளர் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். துருவேறிய கம்பியை முதலில் செப்பனிடுக. துருவை மூடி ஒட்டினால் அஃது உள்ளே வளர்ந்து கான்கிரீட்டைப் பிளக்கும். மேற்பரப்பின் தளர்ந்த படலத்தை அகற்றி, தூசியும் ஈரமும் நீக்குக. பசை இறுகியபின் மெல்லத் தட்டிப் பார்க்குக. வெற்றொலி எழும் இடத்தில் ஒட்டுதல் இல்லை. வெப்பம் மிகின் எபாக்சி இளகும். ஆகவே, தீயினால் பட்டை பயனற்றுப்போயினும், உத்திரம் தன் எடையையும் சுமையின் ஒரு பகுதியையும் தாங்குமாறு இருத்தல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். சுண்ணக்கட்டியின் அடிப்புறத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி அழுத்தினால், கட்டி வெடித்தபின்னும் துண்டுகள் விழா. நாடாவை மேற்புறத்தில் ஒட்டினால் கட்டி கீல்போல் மடியும். தூசி படிந்த கட்டியிலோ நாடா எளிதில் உரிந்துவிடும். பட்டை எவ்விடத்தில் வேண்டும் என்பதையும், துப்புரவு ஏன் வேண்டும் என்பதையும் மாணவர் இதனால் தெளிவாக உணர்வர்.