மாடிக்குத் தனி டிபி பாக்ஸ்: வீடு புதுப்பிப்போர் கவனத்திற்கு

வீடு பழுதுபார்ப்பு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் டைல்ஸுக்கு எவ்வளவு, கதவு ஜன்னலுக்கு எவ்வளவு, பெயிண்டுக்கு எவ்வளவு என்று கணக்கு விவரமாக இருக்கிறது. மின்சார வேலை என்று வந்ததும் "வயரிங் வகையறா" என ஒரே வரி. சிலவற்றில் அந்த வரியும் இல்லை. மகளுக்கு நிக்காஹ் முடிவானதும் மாடியில் ஓர் அறையும் குளியலறையும் எழுப்புகிறோம், ஏ.சி. மாட்டுகிறோம், கீசர் மாட்டுகிறோம். அவற்றுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று நேரில் போய்ப் பார்த்தால், கீழே ஹாலில் உள்ள பிளக் பாயிண்டிலிருந்து ஒரு வயரை இழுத்து மேலே கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்படி இழுக்காமல் மாடிக்கென்று தனியாக ஒரு டிபி பாக்ஸ் வைப்பது எதற்கு, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம். யாரும் தாமே ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்காக இதை எழுதவில்லை. வேலையை, தகுதிச் சான்று பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. 7 அல்லது 8. இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் அது இன்னொரு 9. ரமலானில் சஹர் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மாடியில் ஏ.சி. ஓடுகிறது, ஒருவர் கீசரைப் போடுகிறார், கீழே அடுப்பில் சால்னா சூடாகிறது. மூன்றும் சேர்ந்து 25 ஆம்பியரைத் தொட்டுவிடும். பழைய வீட்டில் விளக்குக்கும் ஃபேனுக்கும் என்று போட்ட 1 ஸ்கொயர் எம்.எம்., 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர் இதைத் தாங்காது. வயர் சூடாவது சுவருக்குள் இருக்கும் பைப்பில் என்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது.

அப்படிச் சூடாகும் முன்பே இணைப்பைத் துண்டிப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. வயருக்கு ஏற்ற எம்.சி.பி. என்பதே கணக்கு. "அடிக்கடி விழுகிறது, 16-ஐக் கழற்றிவிட்டு 32 போட்டுவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. வயர் அதே பழைய வயர்தான். காவலாளியை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்பு ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்த பழக்கம்தான் இது.

சரியான முறை இப்படி இருக்கும். கீழே மீட்டரை அடுத்துள்ள மெயின் போர்டில் மாடிக்கென்று ஒரு 32 ஆம்பியர் இரட்டை முனை எம்.சி.பி. அங்கிருந்து பேஸ், நியூட்ரல் இரண்டும் 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் நேராக மாடிக்குப் போகும். தூரம் அதிகமென்றாலோ இரண்டு ஏ.சி. என்றாலோ 10 ஸ்கொயர் எம்.எம். கேளுங்கள். கூடவே பச்சை நிற எர்த் வயரும் போக வேண்டும். மாடி டிபியில் ஒரு மெயின் சுவிட்ச், ஒரு ஆர்.சி.சி.பி., அதன் பிறகு விளக்கு ஃபேனுக்கு ஒரு எம்.சி.பி., பிளக்குகளுக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, கீசருக்கு ஒன்று. விளக்குகளுக்கு 1.5, பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்டால் பின்னால் கவலையில்லை. கீழ்வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு முன்பாகவே மாடி இணைப்பைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாடிக் குளியலறையில் ஒரு கோளாறு வந்தால் கீழ்வீடும் சேர்ந்து இருளும்.

மொத்தப் பாரம் கூடுகிறபோது மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி அனுமதிக்கப்பட்ட பாரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மாடியைத் தனிக் குடித்தனமாக வாடகைக்கு விடப் போகிறவர்கள் தனி மீட்டர் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். இரண்டு மீட்டர் வந்தபின் ஒன்றின் நியூட்ரலை மற்றதோடு எங்கும் சேர்க்கக் கூடாது.

இந்த ஆர்.சி.சி.பி. பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். விழாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். மனித உயிரைப் பறிக்க அதில் ஒரு சிறு துளி போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேறு வகையான கருவி. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஈரக் கையோடு தொட்டவரின் உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் தரைக்குப் போனாலே கணக்கு இடிக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஒளூ செய்த ஈரத்தோடு சுவிட்சைத் தொடும் வீடுகள் நம்முடையவை. இதன் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின். அந்தத் தொகையை மிச்சம் பிடித்து ஃபால்ஸ் சீலிங்கில் இன்னும் நான்கு விளக்கு வைப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

வாங்கி மாட்டியும் சில வீடுகளில் அது செயல்படாமல் கிடக்கிறது. "சும்மா சும்மா விழுந்தது, எலக்ட்ரீஷியன் நேராகக் கொடுத்துவிட்டார்" என்கிறார்கள். சும்மா விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் நியூட்ரல் கலப்பு. மாடிப்படி விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். வசதிக்காகப் பேஸைக் கீழ் போர்டிலிருந்தும் நியூட்ரலை மாடியிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் ஒரு டிபி வழியே போன கரண்ட் வேறொரு டிபி வழியே திரும்புகிறது. ஆர்.சி.சி.பி.க்கு இது கசிவாகத்தான் தெரியும். இன்வெர்ட்டர் வயரின் நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு முறுக்கி வைத்தாலும் இதே கதைதான். மாடி டிபிக்குள் நுழைந்த பேஸும் நியூட்ரலும் மாடிக்குள்ளேயே சுற்றிவர வேண்டும். அப்படி வயரிங் செய்தால் ஆர்.சி.சி.பி. தேவையில்லாமல் விழாது. அதன் பிறகும் விழுந்தால் எங்கோ உண்மையான கசிவு இருக்கிறது. பெரும்பாலும் கீசர் காயிலையோ தண்ணீர் மோட்டாரையோ பார்க்கச் சொல்லலாம்.

இதைவிட ஆபத்தான ஒரு வேலையும் நடக்கிறது. எர்த் இல்லாத வீட்டில் டிபிக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். டெஸ்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். என்றாவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பிலும் வாஷிங் மெஷினின் உடம்பிலும் முழு 230 வோல்ட் ஏறி நிற்கும். நியூட்ரல் லிங்க்கும் எர்த் லிங்க்கும் டிபியில் தனித்தனியாக இருக்கிறதா என்று மூடியைப் பூட்டும் முன் வயர்மேனிடம் காட்டச் சொல்லுங்கள்.

புதுப்பிக்கும் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். அது அன்றும் முறையான எர்த் அல்ல. இப்போது பிளம்பர் வந்து இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போடுகிறார். அந்த நாளோடு வீட்டுக்கு இருந்த அரைகுறை எர்த்தும் போய்விடுகிறது. பிளம்பருக்கு அது தெரியாது. எலக்ட்ரீஷியன் அன்று வந்திருக்க மாட்டார். குழாய் வேலை நடந்த வீடுகளில் எர்த் பிட் உண்டா, மாடி டிபி வரை பச்சை வயர் அறுபடாமல் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எர்த் பிட்டில் கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதும் வீட்டுக்காரரின் வேலை.

டிபியைக் குளியலறைச் சுவரிலோ ஓதம் ஏறும் சுவரிலோ வைக்க வேண்டாம். பீரோவுக்குப் பின்னாலும் வேண்டாம். ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே "கீசர்", "ஏ.சி.", "பிளக்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஆண்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்க, நம் வீடுகளில் இருப்பது தாய்மார்களும் பிள்ளைகளும்தான். தீப்பொறி பறக்கிற நேரத்தில் எதை இறக்குவது என்று வெளிநாட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் வயரில் கரண்ட் இருக்கும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இனி வரும் வீடு பழுதுபார்ப்பு விண்ணப்பங்களில் மின்சார வேலைக்குத் தனி மதிப்பீடு இருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். வேலை செய்யும் வயர்மேனின் தகுதிச் சான்றிதழ் நகலையும் இணைக்க வேண்டும். விதவைகள், முதியோர் வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி.யை அறக்கட்டளையே வாங்கிக் கொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.

வேலை முடிந்து வயர்மேனுக்குக் கடைசித் தொகையைக் கொடுக்கும் முன் அவரை வைத்துக்கொண்டே மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். மாடி டிபியின் மெயினை இறக்கினால் இன்வெர்ட்டர் இணைப்பு தவிர மாடியில் எல்லாம் அணைய வேண்டும், கீழே எதுவும் அணையக் கூடாது. ஏதாவது மாறி அணைந்தால் வயர் கலந்திருக்கிறது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டி' பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை நீங்களும் அழுத்திப் பாருங்கள். அந்தப் பட்டன் கருவியை மட்டுமே சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. ஆகவே எர்த்தை மீட்டர் வைத்துத் தனியாக அளந்து காட்டச் சொல்லி, அளவைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பின் நகலை அலுவலகத்தில் கொடுத்ததும் உதவித் தொகையின் கடைசித் தவணை வழங்கப்படும்.