வளையலா, பணமா? சஹாரா பாலைவனம் சொல்லித் தரும் சேமிப்புக் கணக்கு



பழைய பொருட்கள் விற்கும் வெப்சைட் பக்கம் போயிருந்தீங்கன்னா, "துவாரெக் காப்பு, ஆப்பிரிக்காவின் பழைய பணம்" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கலாம். கனமான உலோகக் காப்பு, ரெண்டு முனையிலும் பட்டை தீட்டின குமிழ். "நகையும் ஆச்சு, முதலீடும் ஆச்சு"ன்னு வாங்கத் தோணும். அதுக்கு முன்னாடி கணக்கைப் பாத்துடலாம்.

துவாரெக் மக்கள் நைஜர், மாலி, அல்ஜீரியா, லிபியா எனப் பரவி வாழும் சஹாரா மேய்ச்சல் சமூகம். இடம் மாறிக்கிட்டே இருந்தவங்களுக்கு சேமிப்புன்னா கால்நடையும் வெள்ளியும்தான். தங்கத்தை ராசியில்லாத உலோகமாக நினைப்பது அவர்கள் மரபு. நகை பெண்களின் சொந்தச் சொத்து.

வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாணயங்களில் இருந்து. இனாடன் எனப்படும் அவர்களுடைய கொல்லர்கள் அதை உருக்கி நகை செய்தார்கள். ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர் இதில் பிரபலம். எந்த வருஷம் அச்சடித்தாலும் அதில் 1780 என்றுதான் இருக்கும். எடை சுமார் 28 கிராம், அதில் 83.3 சதவீதம் வெள்ளி. அதாவது ஒரு நாணயத்தில் 23.4 கிராம் சுத்த வெள்ளி. பணம் நகையாகும், கஷ்டம் வந்தா நகை பணமாகும். நல்ல எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரிதானே தெரியுது?

இங்கதான் சிக்கல். 1968 முதல் 1974 வரை சஹேல் பகுதியில் கடும் வறட்சி, 1984-இல் மறுபடியும். மந்தைகள் அழிந்தன. பாட்டி காலத்து நகைகள்கூட விற்பனைக்கு வந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் விக்க வந்தா, விலையைச் சொல்றது வாங்குறவர்தான்.

உங்க நிலைமையை யோசிங்க. சம்பளம் ஒரே கம்பெனி, கையில் இருக்கும் ஷேரும் அதே கம்பெனி. அங்கே பிரச்சினை வந்தா வருமானமும் சேமிப்பும் ஒண்ணா அடி வாங்கும். அதனால் ஆறு மாதச் செலவுக்கான பணம், வேலையோடு சம்பந்தமில்லாத இடத்தில், உடனே எடுக்கிற மாதிரி இருக்கணும்.

இன்னொரு விஷயம். "காப்புப் பணம்" என்று விற்பவர்கள் பலர் துவாரெக் நகையையும் மனிலாவையும் ஒண்ணாக் குழப்புறாங்க. மனிலா என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் புழங்கிய செம்பு, பித்தளை வளையம். போர்ச்சுகீசியர்கள் அதைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். பிரிட்டிஷ் அரசு நைஜீரியாவில் 3 கோடிக்கும் மேற்பட்ட மனிலாக்களைத் திரும்ப வாங்கி, பழைய உலோகமாக விற்றது. 1949 ஏப்ரல் 1 முதல் அது செல்லாது. கல்யாணம், இறுதிச் சடங்குக்காக ஒருவர் 200 வரை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி.

ஆக, ஒரு காப்புக்கு மூணு விலை. உலோக விலை தராசில் தெரியும். பண மதிப்பு சட்டம் மாறினால் போயிடும். பழமைக்கும் கைவேலைக்கும் உள்ள விலை, அதை ரசிச்சு வாங்க இன்னொருத்தர் கிடைச்சாத்தான் உண்டு.

வாங்கும் முன் மூணு கேள்வி கேளுங்க:

1. வெள்ளிதானா? "நிக்கல் சில்வர்" என்ற பெயரில் சில்வர் இருக்கும், பொருளில் வெள்ளியே இருக்காது.
2. நாளைக்கே வித்தா எவ்வளவு கிடைக்கும்? உருக்கு விலைக்கு மேல் கொடுப்பதெல்லாம் உங்க ரசனைக்கான செலவு.
3. பழசு என்பதற்கு என்ன ஆதாரம்? சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதுசாச் செய்வதும் நிறைய.

வரியையும் மறக்காதீங்க. சொந்த உபயோகப் பொருளுக்கு உள்ள விலக்கு நகைக்குக் கிடையாது. வெள்ளி நகைக்கும் அதேதான். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, அதுக்கு முன்னாடின்னா உங்க ஸ்லாப்படி. பில்லைப் பத்திரமா வைங்க.

பிடிச்சிருந்தா வாங்குங்க, போட்டுக்கோங்க. ஆனா அந்தச் செலவை "முதலீடு" என்ற காலத்தில் எழுதாதீங்க. உங்க வீட்டு நகைக்கும் இதே மூணு விலைக் கணக்கைப் போட்டுப் பாருங்க. எவ்வளவு வித்தியாசம் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவில் பேசலாம்.