பழைய பெட்டி, புதிய ஓட்டம்

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் கூடுதலாக ஒரு எஸ்எஸ்டி பொருத்துவது சுலபம். தகவல்களை இழக்காமல் பொருத்துவதுதான் சாமர்த்தியம்.

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு – கடைவீதி எதுவானாலும் பழைய கம்ப்யூட்டருடன் வருபவர்களின் புகார் ஒன்றுதான். ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரை தயாராவதில்லை. ஏழெட்டு வருடப் பெட்டி. புராஸசரில் பெரிய குறையில்லை. சுணக்கம் பெரும்பாலும் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில்தான்.

1956இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஹார்ட் டிஸ்க்கின் அடிப்படை இன்றும் மாறவில்லை. சுழலும் தட்டு, அதன்மேல் அங்குமிங்கும் நகரும் ஒரு கை. தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழன்றாலும், கை ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கப் பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் தேவை. தாமதம் அங்கேதான் சேர்கிறது. எஸ்எஸ்டியில் சுழல்வதோ நகர்வதோ எதுவுமில்லை. 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் அதன் உயிர். தேடும் நேரம் சுமார் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

ஆனால் எஸ்எஸ்டியை மாட்டியதுமே கம்ப்யூட்டர் பறக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். விண்டோஸ் பழைய டிஸ்க்கிலேயே இருந்தால் எந்த மாற்றமும் தெரியாது. விண்டோஸும் அன்றாடம் புழங்கும் புரோகிராம்களும் எஸ்எஸ்டிக்குக் குடிபெயர வேண்டும். பழைய டிஸ்க் பரண் மாதிரி: படங்களும் வீடியோக்களும் அங்கேயே கிடக்கலாம்.

எதை வாங்குவது என்பதை மதர்போர்டுதான் தீர்மானிக்கிறது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி, சாட்டா இணைப்புள்ள பழைய பெட்டிகளிலும் பொருந்தும். நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை படிக்கும். சூயிங்கம் பட்டை போலிருக்கும் எம்.2 வகையில்தான் குழப்பம். சில சாட்டா முறையிலும், சில அதைவிடப் பல மடங்கு வேகமான என்விஎம்இ முறையிலும் இயங்கும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தாலும் எல்லா மதர்போர்டும் இரண்டையும் ஏற்பதில்லை. சில போர்டுகளில் எம்.2 இடம் நிரம்பினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழந்துவிடும். மதர்போர்டின் கையேட்டைப் புரட்டிவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

பொருத்தும் வேலைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி, உள்ளே தங்கிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் உடலிலுள்ள நிலைமின்சாரமும் இறங்கிவிடும். சாட்டா எஸ்எஸ்டிக்கு இரண்டு கேபிள்கள்: ஒன்று எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரத்துக்கு, மற்றது மதர்போர்டிலிருந்து தகவலுக்கு. எம்.2 என்றால் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டால் முடிந்தது.

ஆபத்து அதற்குப் பிறகுதான். புதிய டிரைவ் உடனே திரையில் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அதைத் தயார்செய்ய வேண்டும். அதே ஜன்னலில் பழைய டிஸ்க்கும் இருக்கும். அவசரத்தில் தவறான வரிசையை அழுத்தினால் பத்து வருடக் கணக்கும் கல்யாண ஃபோட்டோக்களும் போய்விடும். விண்டோஸை அப்படியே நகலெடுக்கும் குளோனிங்கிலும் இதே அபாயம் உண்டு. எதிலிருந்து எதற்கு என்பது தலைகீழானால், காலி டிஸ்க்கின் நகல் நிறைந்த டிஸ்க்கின்மேல் ஏறிவிடும்.

ஆகவே கேபினெட்டைத் திறப்பதற்கு முன்பே முக்கியமானவற்றை ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அதைத் தனியே கழற்றி வைக்க வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொள்வது அவசியம். விண்டோஸைப் புதிதாகவே நிறுவுவதானால் பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் துவக்க ஃபைல்கள் அதிலேயே போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும். குளோனிங் முடிந்ததும் முதல் முறை எஸ்எஸ்டியை மட்டும் வைத்து இயக்கிப் பார்ப்பதும், பழைய டிஸ்க்கைச் சில வாரங்களாவது அழிக்காமல் வைத்திருப்பதும் விவேகம்.

எஸ்எஸ்டி சர்வரோக நிவாரணியல்ல. விண்டோஸ் 10க்கான இலவசப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியையும் அங்கீகரிக்கப்பட்ட புராஸசரையும். எஸ்எஸ்டி இரண்டையும் தராது. அந்தப் பெட்டிகளுக்கு லினக்ஸ் ஒரு மாற்று வழி. தவிர, ஹார்ட் டிஸ்க் சில சமயம் டக் டக்கென்று சத்தமிட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி சத்தமில்லாமலே செத்துப்போகும். அழித்த ஃபைலை அதிலிருந்து மீட்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம்.

எனவே, பொருத்திய பிறகும் வெளி டிஸ்க்குக்கு ஓய்வு கிடையாது. மாதம் ஒருமுறையாவது அதில் நகலெடுப்பவர்கள்தான் புதிய வேகத்தை நிம்மதியாக அனுபவிக்க முடியும்.