சீடியாக வரும் டொங்கிள்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கே படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். அங்கிருந்து யாழ்ப்பாண நகரக் கணினிக் கடைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். தீவில் இருப்பவரின் லினக்ஸ் கணினி, செருகிய இணைய டொங்கிளை மோடமாக ஏற்காமல் சீடியாகக் காட்டினால் என்ன செய்வது?

டொங்கிள் பழுதில்லை. ஹுவாவே போன்ற நிறுவனங்களின் பல டொங்கிள்கள் முதலில் தம்மை சீடி டிரைவ் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். உள்ளே விண்டோஸுக்கான மென்பொருள் இருக்கும். 'மோடமாக மாறு' என்ற கட்டளையை அனுப்புவது அந்த மென்பொருள்தான். லினக்ஸில் அது ஓடாது, கட்டளையும் போகாது.

அந்தக் குறையைத் தீர்க்க யோசுவா டீட்ஸ் எழுதிய கட்டற்ற நிரல்தான் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச். அது கட்டளையை அனுப்பியதும் கருவியின் அடையாள எண்ணே மாறிவிடும்: ஹுவாவே இ1550 இல் 1446 என்பது 1001 ஆகும். அருமையான வேலை!

பிறகு லினக்ஸின் நெட்வொர்க் மனேஜரில் மொபைல் புரோட்பாண்டைத் திறந்து, நாடு, தொலைபேசி நிறுவனம், அதன் ஏபிஎன் (இணைய அணுகுமுனைப் பெயர்) ஆகியவற்றைக் கொடுத்தால் போதும்.

உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் பெரும்பாலும் கூடவே வரும். இல்லையென்றால் அதை இறக்கவே இணையம் தேவை. ஆகவே தீவுக்குப் படகேறுமுன் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்.