புது மோட்டார் வண்டியும் வாங்குவோர் உரிமையும்

புதியது, விலையுயர்ந்தது, பெயர்பெற்ற கொம்பனியினது என்னும் மூன்று அடைமொழிகளும் ஒரு மோட்டார் வண்டிக்குப் பொருந்திவிட்டால், அதன்கண் குறை யாதும் இராதென நம்புதல் மக்கள் இயல்பு. ஆயினும், ஆயிரக்கணக்கான உறுப்புக்களை ஒன்றுசேர்த்துச் செய்யப்படும் பொறி எதுவும் தவறுக்கு அப்பாற்பட்டதன்று. இலங்கையில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டுந் தொடங்கியது. இன்று புது வண்டியொன்றின் விலை பலருக்கு வீடொன்றின் விலையாகும். பல்லாண்டுச் சேமிப்பைக் கொடுத்து, போதாக்குறைக்குக் கடனும் பட்டு வாங்கிய வண்டி, முதற் கிழமையிலேயே நடுவீதியில் நின்றுவிடின் வாங்கியவர் செய்யத்தக்கது யாது?

பெரும்பாலோர் செய்வது இதுவே: விற்றவரிடம் பன்முறை செல்வர், அவருடைய இன்சொற் கேட்டுத் திரும்புவர், தாட்சண்ணியத்தால் வற்புறுத்திக் கேளார், மாதங்கள் கழிந்தபின் விதியை நொந்துகொள்வர். இதனைப் பொறுமை எனப் போற்றுதல் தவறு. காலந் தாழ்த்துவோனுடைய உரிமை, அவன் அறியாமலே தேய்ந்துபோகும் என்பதை வழக்குகள் காட்டுகின்றன. யாம் சட்டங் கற்றவர் அல்லேம். சொல்லும் பொருளும் கற்பிப்பவரேம். எனினும் இவ்விடயத்தில் வழக்கின் வெற்றி தோல்வி பெரும்பாலும் சில சொற்களின் பொருளையே பற்றி நிற்றலின், அவற்றை விளக்க முற்படுகின்றோம்.

முற்காலத்தில், “வாங்குவோன் விழிப்பாயிருக்கக்கடவன்” என்னும் கொள்கையே ஆங்கிலச் சட்டத்தில் ஓங்கி நின்றது. மாடு வாங்குவோன் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்; சுழி பார்ப்பான்; நடத்தியும் பார்ப்பான். கண்ணுக்குத் தெரியுங் குறையைக் காணாது வாங்கினால் பிழை அவனுடையதே. ஆனால், மூடிய எஞ்சினுக்குள் இருக்கும் குறையை வாங்குவோன் எங்ஙனங் காண்பான்? இயந்திரங்களும் தொழிற்சாலைப் பொருள்களும் பெருகவே, அப்பழங் கொள்கை தளரலாயிற்று. 1893 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட பொருள் விற்பனைச் சட்டம், ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் அப்பொருளை விவரணத்தின்படி விற்கும்போது, அது “விற்பனைக்குத் தகுந்த தரம்” உடையதாயிருத்தல் வேண்டுமென விதித்தது. விற்பவர் வாய்திறந்து சொல்லாவிடினும் இவ்வுறுதி ஒப்பந்தத்துள் அடங்கியிருப்பதாகவே கொள்ளப்படும். அச்சட்டத்தைப் பின்பற்றியே எம் நாட்டிலும் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தோன்றியது. ஆகவே, ஆங்கில நீதிமன்றங்கள் இச்சொற்றொடருக்கு உரைத்த பொருள் எமக்கும் பயன்படுவதாகும்.

“தகுந்த தரம்” என்பதற்கு எல்லை யாது? வண்டி ஓடினாற் போதுமா? 1987 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த வழக்கொன்று இவ்வினாவுக்கு விடை தருகின்றது. ஒருவர் புதிய றேஞ்ச் றோவர் வண்டியொன்றை வாங்கினார். அது குறையுடையதாயிருக்கவே, விற்றவர் வேறொரு புதிய வண்டியை மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்ததும் குறையுடையதே. எஞ்சினிலும் கியர்ப் பெட்டியிலும் உடற்கூட்டிலும் பழுதுகள் இருந்தன. எண்ணெய்க் கசிவும் இருந்தது. ஆறு மாதம் பலமுறை திருத்தியும் சீராகவில்லை. ஏறக்குறைய 5,500 மைல் ஓடியபின், வாங்கியவர் வண்டி வேண்டாமென மறுத்துவிட்டார். “வண்டி ஓடியதன்றோ? குறைகள் திருத்தக்கூடியனவன்றோ?” என்பதே விற்றவர் தரப்பு வாதம்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லுதல் மட்டுமே வண்டியின் பயனன்று. அவ்வகை வண்டியில் எதிர்பார்க்கத்தக்க சுகம், செலுத்தும் இலகு, நம்பகம், தோற்றப் பொலிவினால் உடையவருக்கு உண்டாகும் பெருமிதம் ஆகியனவும் அப்பயனுள் அடங்கும் என்று நீதிபதி மஸ்ரில் விளக்கினார். எதிர்பார்ப்பின் அளவு விலையோடும் விவரணத்தோடும் ஏறும். சிறு வண்டியிற் பொறுத்துக்கொள்ளத்தக்க இரைச்சல், பெருவிலை வண்டியிற் பொறுக்கத்தகாத குறையாகலாம்.

அத்தீர்ப்பில் இன்னொரு கருத்தும் உண்டு. எம்மனோர் மிகவும் கவனிக்கவேண்டியது அதுவே. செய்தவர் தரும் உத்தரவாதப் பத்திரம் இருக்கின்றபடியால், வாங்கியவர் சில குறைகளைச் சகித்துக்கொள்ளல் வேண்டும் என வாதிக்கப்பட்டது. வாங்குவோனுடைய உரிமைக்கு மேலதிகமாகக் கொடுக்கப்பட்ட ஒன்று, உள்ள உரிமையைக் குறைப்பதாக எவ்வாறு அமையும் என்று நீதிமன்றம் கேட்டது. உத்தரவாதம் என்பது செய்தவர் தரும் வாக்குறுதி. தகுந்த தரம் என்பது விற்றவர்மேற் சட்டம் சுமத்துங் கடமை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். “கொம்பனிக்கு எழுதியுள்ளோம்; அவர்கள் மறுமொழி வரட்டும்” என விற்பனை முகவர் கூறும்போது, பணம் பெற்றவர் அவரே என்பதையும், ஒப்பந்தம் அவரோடு செய்யப்பட்டதே என்பதையும் நாம் மறத்தலாகாது.

உரிமை உண்டெனினும் அது என்றும் நில்லாது. அதே 1987 ஆம் ஆண்டின் அறிக்கைகளில் மற்றொரு வழக்கு உளது. ஒருவர் வாங்கிய புதிய நிசான் வண்டி, மூன்று கிழமையில் ஏறக்குறைய 140 மைல் ஓடிய நிலையில், எஞ்சின் இறுகிப் பெருந்தெருவில் நின்றது. பொருத்தும்போது உள்ளே விழுந்த ஒட்டுப்பசைத் துளியொன்று எண்ணெய் செல்லும் வழியை அடைத்தமையே காரணம். வண்டி தகுந்த தரமுடையதன்று என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆயினும், வண்டியைப் பரிசோதித்துப் பார்ப்பதற்குரிய “நியாயமான காலம்” கடந்துவிட்டதெனக் கூறி, அதனைத் திருப்பிக்கொடுக்கும் உரிமையை மறுத்தார். வாங்கியவருக்குக் கிடைத்தது சிறு நட்டஈடே. ஒளிந்திருந்த குறைக்கு மூன்று கிழமையே எல்லையாயின் உரிமையால் என்ன பயன் என்று பலரும் இத்தீர்ப்பைக் கண்டித்தனர்.

அக்கண்டனம் வீண்போகவில்லை. 1994 ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தித் தரும்படி கேட்பதனால் மட்டும் ஒருவர் பொருளை ஏற்றுக்கொண்டவர் ஆகார் என அத்திருத்தம் தெளிவுறுத்தியது. “விற்பனைக்குத் தகுந்த தரம்” என்ற தொடர் நீங்கி, “திருப்தியான தரம்” என்ற தொடர் அதனிடத்தைப் பெற்றது. முன்னையது கடைக்காரர் பக்கம் நின்று நோக்குஞ் சொல். பின்னையது வாங்குவோர் பக்கம் நின்று நோக்குஞ் சொல். எனினும், திருப்தி என்பது தனியொருவரின் மனம்போன போக்கன்று. நியாயமான ஒருவர் திருப்தி கொள்ளும் அளவே அது. தோற்றம், சிறு குறைகளின்மை, பாதுகாப்பு, நீடித்துழைத்தல் ஆகியனவும் அவ்வளவினுள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. பின்னர் 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுடைய பொருளை முதல் முப்பது நாளுள் திருப்பிக்கொடுத்து முழுப்பணமும் பெறலாம் எனவும், அதன்பின் ஒருமுறை திருத்தியும் சீராகாவிடின் விலைக்குறைப்போ மறுத்தலோ கேட்கலாம் எனவும் அங்கு வகுத்தது. இம்முப்பது நாள் விதி இலங்கைக்கு உரியதன்று. எமது கட்டளைச் சட்டம் “நியாயமான காலம்” என்ற பழைய சொல்லையே கொண்டது. ஆகலின் இங்கு வாங்குவோர் ஒருபடி கூடுதலாகவே விரைந்து செயற்படல் வேண்டும்.

குறையை மறைத்து விற்றலும் உண்டு. 1990 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு வைத்தியர் ஏறக்குறைய 40,750 டொலருக்குப் புதிய பி.எம்.டபிள்யூ. வண்டி வாங்கினார். வழியில் பழுதடைந்த பூச்சின்மேல் மறுபூச்சுப் பூசப்பட்டிருந்தமையை ஒன்பது மாதத்தின் பின்னரே வேறொருவர் வாயிலாக அறிந்தார். திருத்தச் செலவு விலையில் நூற்றுக்கு மூன்று வீதத்துக்கு மேற்படாவிடின் அதனை வெளியிடுவதில்லை என்பது வண்டிகளை விநியோகித்த கொம்பனியின் வழக்கம். நடுவர் குழு 4,000 டொலர் நட்டஈடும் 40 இலட்சம் டொலர் தண்டத் தொகையும் விதித்தது. அத்தொகை பாதியாகக் குறைக்கப்பட்டது. அதுவும் மிகையென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1996 இல் கூறியது; ஈற்றில் 50,000 டொலராக நின்றது. தண்டத்துக்கும் ஓர் அளவு உண்டென்பது அவ்வழக்கின் முடிபு. ஆனால், மறைத்தது சரியென யாரும் கூறவில்லை. புகாரின் வணிகர் விலையில் மிகையும் அளவிற் குறையும் செய்யாதவர் எனப் பட்டினப்பாலை போற்றுகின்றது. வாணிகத்துக்கு மூலதனம் நம்பிக்கையே என்பது எம்மவர்க்குப் புதிய பாடமன்று.

இனி, செய்யத்தக்கனவற்றைத் தொகுத்துரைப்போம். பணங் கட்டுமுன் கட்டளைப் பத்திரத்தை முற்றாக வாசித்தல் வேண்டும். சட்டம் தரும் உறுதிகளை உடன்படிக்கையால் விலக்கவும் கட்டளைச் சட்டம் இடந் தருகின்றது. அத்தகைய விலக்குகளைக் கட்டுப்படுத்த 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் உளதெனினும், கையொப்பமிடுமுன் அறிவதே சிறப்பு. வண்டியைப் பகல் வெளிச்சத்திற் பார்த்துப் பொறுப்பேற்க. பார்த்தபோது கண்டிருக்கவேண்டிய குறையைப் பின்பு முறையிடுதல் அரிது. “திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என அச்சிட்ட தாளிற் கையொப்பம் கேட்டால், கண்ட குறைகளை அதன் கீழே எழுதிய பின்னரே இடுக.

குறை தோன்றிய அன்றே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். தொலைபேசியிற் பேசியது காற்றோடு போகும். கடிதத்தில் வண்டி இலக்கம், பொறுப்பேற்ற நாள், ஓடிய தூரம், குறை தோன்றிய நாள், குறையின் இயல்பு, தாம் வேண்டுவது, மறுமொழி எதிர்பார்க்கும் நாள் ஆகியன இருத்தல் வேண்டும், வசை இருத்தலாகாது. அதனைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியொன்றை வைத்துக்கொள்க. திருத்தத்துக்கு விடுந்தோறும் வேலைச் சீட்டைக் கேட்டுப் பெறுக. “பார்வையிடப்பட்டது” என்பதும் “திருத்தப்பட்டது” என்பதும் ஒரு பொருளன அல்ல. குத்தகைக் கொம்பனி வாயிலாக வாங்கியிருப்பின், அதற்கும் கடிதத்தின் பிரதி செல்லல் வேண்டும். கோபத்தால் தவணைப் பணத்தைத் தாமாக நிறுத்துவோர் வண்டியையும் இழந்து வழக்கையும் சுமப்பர்.

விற்றவர் இணங்காவிடின், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குத் தாமதியாது எழுத்தில் முறையிடலாம். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி விசாரிக்க அச்சபைக்கு அதிகாரம் உண்டு. பெருந்தொகை அடங்கிய விடயமாதலின் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையையும் தொடக்கத்திலேயே பெறுதல் நன்று.

எமது பழைய மாணவருள் வண்டி வாங்குவோரும் உளர், விற்போரும் உளர். விற்போருக்கு யாம் கூறுவது ஒன்றே: குறையை முதல் நாளே ஒப்புக்கொள்ளும் வணிகர் ஒரு வண்டியை இழப்பினும் வாடிக்கையாளரை இழவார். வாங்குவோர் கேட்கவேண்டியதைக் கேட்க நாணாதிருப்பாராக. கல்லூரியிற் பயிலும் மாணவருக்கும் ஒரு சொல். கடிதம் எழுதும் பயிற்சி பரீட்சைக்கு மட்டும் உரியதெனக் கருதற்க. நாளும் தேதியும் தவறாது, உண்மைக்கு மிகாது, பணிவு குன்றாது எழுதப்பட்ட ஒரு பக்கக் கடிதம், ஒருவருடைய பல்லாண்டு உழைப்பைக் காத்துத் தரவல்லது. அதனை எழுதுந் திறனுக்கு வித்திடும் இடம் வகுப்பறையே.