ஜவ்வாது மலையும் ஜிசாட்-என்2-வும்

ஜிசாட்-என்2 அதிவேக இணையத்துக்கென்றே கட்டப்பட்ட இந்தியத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். இஸ்ரோவின் வணிக நிறுவனமான நியூஸ்பேஸ் இந்தியா இதன் உரிமையாளர். எடை 4,700 கிலோ, ஆயுள் 14 ஆண்டு. 2024 நவம்பர் 19 அன்று, இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்ததும், அமெரிக்காவின் கேப் கனாவரலிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9 இதைச் சுமந்து சென்றது. இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3 இத்தகைய செயற்கைக்கோளுக்கான உயரப் பாதையை நோக்கி அப்போது தூக்கக்கூடிய எடை ஏறத்தாழ 4,000 கிலோதான். மிஞ்சிய 700 கிலோவுக்காக அயலார் ராக்கெட்டை அமர்த்த வேண்டியதாயிற்று.

இதை வணிகத் திட்டம் என்பதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் இஸ்ரோ செயற்கைக்கோளை ஏவிவிட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களை வாடகைக்கு விட ஆள் தேடும். 2020-இல் நடந்த விண்வெளித் துறைச் சீர்திருத்தம் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. வாடிக்கையாளர் உறுதியான பிறகே செயற்கைக்கோள் கட்டப்படும். அப்படி முதலில் வந்தது 2022-இல் ஏவப்பட்ட ஜிசாட்-24. அது முழுவதும் டாட்டா ப்ளே நிறுவனத்தின் தொலைக்காட்சிச் சேவைக்குப் போனது. இரண்டாவது ஜிசாட்-என்2. இதன் கொள்ளளவில் பெரும்பகுதி ஏவுவதற்கு முன்பே விற்றுப்போனது.

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் நாடு முழுவதற்கும் ஒரே அகன்ற கற்றையை வீசுகிறது. எல்லோருக்கும் ஒரே நிகழ்ச்சி என்பதால் அது போதும். இணையத்தில் ஒவ்வொருவர் கேட்பதும் வேறு. ஆகவே ஜிசாட்-என்2 நாட்டை 32 வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கற்றை அனுப்புகிறது. எட்டுக் குறுகிய கற்றைகள் வடகிழக்கு மாநிலங்களுக்கு; சற்றே அகலமான 24 கற்றைகள் மற்றப் பகுதிகளுக்கு. ஓர் ஊர்த் திருவிழாவின் ஒலிபெருக்கி பத்துக் கல் தள்ளியுள்ள ஊரின் திருவிழாவைக் கெடுப்பதில்லை அல்லவா? அதுபோல, ஒட்டாத இரண்டு வட்டங்களில் ஒரே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கொள்ளளவு கூடுவது இதனால்தான். ஜிசாட்-என்2 நொடிக்கு 48 கிகாபிட் கடத்தும். 2018 டிசம்பர் 5-இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-11 அதைவிட எடை மிகுந்தது, 5,854 கிலோ; ஆனால் அதன் கொள்ளளவு 16 கிகாபிட்.

இந்தச் செயற்கைக்கோள்கள் யாருக்கு உதவும் என்பதை ஒடுகத்தூரில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். வேலூருக்குத் தென்மேற்கே, ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பேரூர் அது. மலைக்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பலாம்பட்டு ஊராட்சிகளில் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசேர்ப்பது மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டின் பணி. சமவெளியில் அது சாலையோரக் கம்ப வேலை. மலையிலோ காட்டு நிலம், வனத்துறை அனுமதி, மரம் விழுந்தால் அறுபடும் கம்பி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். டவர் சிக்னலும் நேர்கோட்டில் போவது. ஒரு முகடு குறுக்கிட்டால் மறுசரிவுக்கு எட்டாது.

செயற்கைக்கோளுக்கு இந்த மலை தடையே இல்லை. ஜிசாட்-11, ஜிசாட்-என்2 போன்றவை நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகின்றன. ஒடுகத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. எனவே ஜிசாட்-11-ஐ நோக்கும் டிஷ், தெற்கிலிருந்து சற்று மேற்கே திரும்பி, அடிவானத்திலிருந்து 70 பாகைக்கும் மேல் அண்ணாந்து பார்க்கும். அந்தக் கோணத்தை மறைக்கக்கூடிய முகடு ஜவ்வாதில் இல்லை. நார்வேயின் ஓஸ்லோவில் இதே வகைச் செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டிய கோணம் அதிகபட்சம் 22 பாகை. பள்ளத்தாக்கு வீடென்றால் மலையே மறைத்துவிடும்.

மழையிலும் இந்தச் செங்குத்துப் பார்வை கைகொடுக்கிறது. ஜிசாட்-என்2 பயன்படுத்தும் கேஏ பேண்ட் அலைகளின் நீளம் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர். பெருமழைத் துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. ஐந்து கிலோமீட்டர் உயரம் வரை மழை பெய்கிறது என்று கொண்டால், ஒடுகத்தூரில் அலை அந்த ஐந்து கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தூரம்தான் மழைக்குள் வரும். ஓஸ்லோவின் சாய்வில் பதின்மூன்றுக்கும் மேல். ஆனாலும் நம்மூர் மழையின் உக்கிரம் வேறு. ஐப்பசி அடைமழையில் கருவி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு இணைப்பைக் காப்பாற்றப் பார்க்கும். அதையும் மீறினால் சிறிது நேரம் இணைப்பு அறும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், நண்பகல் கடந்ததும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே வந்து நிற்கும்போது சில நிமிடம் சிக்னல் மங்குவதும் உண்டு.

தீர்க்க முடியாத குறை தூரம். கேள்வி மேலே போய்த் தரைநிலையத்துக்கு இறங்க வேண்டும். பதிலும் அப்படியே ஏறி இறங்க வேண்டும். நான்கு பயணமும் சேர்ந்து 1,44,000 கிலோமீட்டர் ஆகிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரை நொடி பிடிக்கும். பாடக் காணொளிக்கும், ரேஷன் கடைப் பதிவுக்கும், வங்கிப் பரிமாற்றத்துக்கும் இது பொருட்டல்ல. மருத்துவரோடு காணொளியில் பேசினால் ஒருவர் பேச்சில் மற்றவர் இடறுவார், பழகிக்கொள்ளலாம். இணைய விளையாட்டுக்கு மட்டும் உதவாது.

கொள்ளளவின் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 48 கிகாபிட் என்பது ஒரே நேரத்தில் ஆளுக்கு 4 மெகாபிட் வீதம் காணொளி பார்க்கும் 12,000 பேருக்குத்தான் போதும், அதுவும் நாடு முழுவதற்கும் சேர்த்து. ஓர் இணைக் கண்ணாடி இழையே இதைவிடப் பல மடங்கு கடத்திவிடும். ஆகவே ஒடுகத்தூர் கடைவீதிக்குச் செயற்கைக்கோள் இணையம் வீண் செலவு. மேலே உள்ள பள்ளிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், ஊராட்சி அலுவலகத்துக்கும் தலா ஒரு டிஷ் வைத்து, அங்கிருந்து வைஃபை மூலம் பகிர்ந்தளிப்பதே பொருத்தமான வழி.

தாழ்வான பாதையில் கூட்டமாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் மாற்று ஏற்பாடு. ஒன்வெப் 1,200 கிலோமீட்டரிலும் ஸ்டார்லிங்க் ஏறத்தாழ 550 கிலோமீட்டரிலும் சுற்றுவதால் தாமதம் நொடியில் சிறு பங்காகக் குறைகிறது. ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்-3 ஏவியது. ஸ்டார்லிங்க் 2025-இல் இந்தியத் தொலைத்தொடர்பு உரிமம் பெற்றது. இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. வானியலாளர்களின் படங்களில் கோடு இழுக்கும் இந்தக் கூட்டத்தை அவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. மலைவாசிக்கு உள்ள சிக்கல் வேறு. ஜிசாட்டுக்கு வானத்தில் ஒரு சிறு இடைவெளி திறந்திருந்தால் போதும். தாழ்வான செயற்கைக்கோள்களோ சில நிமிடங்களில் கடந்து போய் அடுத்தது வரும். அவற்றைத் தொடர நாலாபுறமும் அகன்ற வானம் வேண்டும். பலாவும் புளியும் அடர்ந்த சிற்றூரில் மரத்துக்கு மேலே உயரும் கம்பத்திலோ திறந்த களத்து மேட்டிலோதான் அந்தக் கருவியை வைக்க முடியும்.